உள்ளூர்ப் பெண்ணுக்கு எதற்கு விடுதி?

பாப்பா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வரட்டும். நம் வீட்டில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேச இடம் கிடையாது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஹாலில் பேசினால் அடுத்த ரயிலில் அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம், கூட்டம் இல்லை. அப்பா சாப்பிடப் போயிருக்கிறார். ஒரு அம்மா மட்டும் வந்து, மயில் கழுத்து நிறத்தில் பிளவுஸ் துணி கேட்டு, நான் எடுத்துப்போட்ட எதுவும் அந்த மயில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நாளைக் காலையில் நீ மறுபடியும் விடுதிக்குப் போகிறாய். முதல் தடவை நீ போனபோது நான் உர்ரென்று இருந்தேன், வாசல் வரை கூட வரவில்லை. நடுவில் அந்த இடம் உன் கையைவிட்டுப் போனதற்கும் நான்தான் காரணம். இரண்டுக்கும் சேர்த்து உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

நம் வீட்டை ஊரில் யாரும் உன் அப்பா பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘மாம்பலம் வீடு’ என்றுதான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வருகிற நம்மவர்கள் யாராக இருந்தாலும் விடியற்காலையில் மாம்பலத்தில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரங்கநாதன் தெரு கடைகள் திறப்பதற்குள் நம் மாடிப்படி ஏறிவிடுவார்கள். வேலைக்கு நேர்காணல், பாஸ்போர்ட், முகூர்த்தப் புடவை, பல் வலி, வழக்கு, எல்லாவற்றுக்கும் நம் வீடுதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற பழக்கமெல்லாம் கிடையாது. சொல்லிவிட்டு வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். ‘என்ன, அன்னியம் மாதிரி போன் போட்டுட்டு வாரிய?’ என்று கேட்பேன். பாயை விரித்தால் அது படுக்கை. முதலில் வந்தவருக்கு மின்விசிறிக்கு அடியில், கடைசியாக வந்தவருக்குச் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். வீட்டில் இருந்த ஒரே கட்டிலும் உள் அறையில் கடைத் துணி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது, அதிலும் வந்தவர்களில் யார் மூத்தவரோ அவர்தான் படுப்பார்.

இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தபோது எங்களுக்கு வீடு இல்லை. உன் அப்பாவின் பெரியப்பா மகன் மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அவரும் அவர் மனைவியும் அடுப்படியில் படுத்துக்கொண்டு எங்களுக்கு அந்த அறையைக் கொடுத்தார்கள். அந்த அக்கா ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை. கடை வைத்து, வீடு பார்த்து வந்த அன்றைக்கு உன் அப்பா சொன்னார்: ‘இனி நம்ம வீட்டுல எவனும் எடம் இல்லன்னு திரும்பிப் போவக் கூடாது.’ அன்றிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் காப்பாற்றினோம். எனக்கு அதில் பெருமை உண்டு பாப்பா, பொய் சொல்ல மாட்டேன். ஊருக்குப் போனால் கோயில் கொடைத் திருவிழாவில் என்னை முன்னால் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் சின்ன வயதிலிருந்து சாயங்காலம் ஆனால் நீ என்னிடம் வந்து ஒன்று கேட்பாய்: ‘நான் இன்னைக்கு எங்கம்மா படுக்கணும்?’ மற்றப் பிள்ளைகள் என்ன சாப்பாடு என்று கேட்கிற மாதிரி நீ அதைக் கேட்பாய், நானும் அதே மாதிரி பதில் சொல்வேன். அடுப்படி, பால்கனி, பெரியம்மா பக்கத்தில், இன்றைக்குக் கூட்டம் அதிகம், கடையில் அப்பாவோடு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு சமயத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் நகை எடுக்க வந்து இறங்கியது. நீ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தாய். நான் அதைக் கூட எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன், ‘எம்மவளுக்கு எங்க போட்டாலும் படிப்பு வரும்’ என்று. வந்தவர்கள் முன்னால் உடை மாற்ற முடியாமல் நீ குளியலறைக்குள் புத்தகத்தோடு போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டபோது, ‘உள்ளே என்னட்டி பண்ணுத, அடுத்தவுக போவ வேண்டாமா?’ என்று கதவைத் தட்டியதும் நான்தான்.

முதுகலைத் தாவரவியலுக்கு இடம் கிடைத்தபோது அப்பா தெருவில் பாதிப் பேருக்கு மைசூர்பாகு கொடுத்தார். பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையைத் தாண்டினால் வந்துவிடும், பேருந்தில் போய் வரலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நீ மெதுவாக, வளாகத்துக்குள்ளேயே விடுதி இருக்கிறது, அதற்கு மனு போடப்போகிறேன் என்றாய். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘மாம்பலத்துல வீட்டை வச்சிக்கிட்டு உனக்கு எதுக்குட்டி ஹாஸ்டல்? ஊருல கேட்டா என்ன நெனைப்பாவ? வீட்டுல சோறு போடலன்னு நெனைப்பாவ’ என்றார். நான் அதைவிட மோசமாகப் பேசினேன். பெண் தனியாக இருந்தால் திமிர் ஏறும் என்றேன். ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். நீ மறக்கிற ஆளா! கடைசியில் அப்பா ஒரு சமாதானத்துக்கு வந்தார். அடையாற்றில் நம் ஊர்க்காரர் ஒருவர் பெண்களுக்குத் தங்கும் விடுதி நடத்துகிறார், அங்கே வேண்டுமானால் இரு, நம்மவர்கள் கண் பார்வையில் இருப்பாய் என்றார். அப்போதுதான் நீ முதல்முறையாகக் கத்தினாய். ‘நம்மவங்க கண்ணுல படாம ஒரு இடம் வேணும்பா எனக்கு!’ ஹாலில் படுத்திருந்த நாலு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. அவர்களுக்கு எதிரில் எனக்குப் போன மானத்தைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர, நீ என்ன சொன்னாய் என்று யோசிக்கவில்லை.

அப்புறம் நீயே அலைந்து அந்த இடத்தை வாங்கினாய். ஆராய்ச்சி மாணவிகளுக்குப் புதுக் கட்டடத்தில் தனித்தனி அறை, உன்னைப் போன்றவர்களுக்குப் பழைய கட்டடத்தில் மூன்று பேர் அறை. கோபம் தணிந்து நான் உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கு, உன் அறைத் தோழி நர்மதா எனக்குத் தேநீர் வாங்கி வரப் போனாள். தருமபுரிப் பெண், வாய் நிறைய ‘ஆன்ட்டி’ என்பாள். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். உன் பங்குக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சுவர் அலமாரி, அதற்கு உன் பூட்டு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மேசைமேல் நீ காயவைத்து ஒட்டிய இலைகள், முந்தின நாள் வைத்தது வைத்தபடியே இருந்தன. யாரும் அதை நகர்த்திவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு வைக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது பாப்பா. பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமை! எனக்கு அப்படி ஒரு மேசை எந்த வயதிலும் இருந்ததில்லை. அதை உன்னிடம் சொல்லாமல், ‘கொசு ஜாஸ்தி போலிருக்கே’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் நான் செய்ததை நினைத்தால்தான் எனக்கே ஆறவில்லை. உன் கோமதி அத்தை, அப்பாவுக்கு மூத்தவர், மூட்டு வலிக்கு மருத்துவரைப் பார்க்க வந்தார். தரையில் படுத்தால் எழ முடியாது. உள் அறைக் கட்டிலில் ஏற்கெனவே உன் அப்பாவின் மாமா, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். நீ அப்போது செடி சேகரிக்க வகுப்போடு ஏற்காட்டுக்குப் போயிருந்தாய். எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? பாப்பா கட்டில் சும்மாதானே கிடக்கிறது. இதில் ஒரு துளி கூட எனக்குத் தப்பாகப் படவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. நம் வீட்டில் யாருடைய பாயில் யார் படுக்க யாரைக் கேட்டோம்?

ஆட்டோவில் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். விடுதி வாசலில் இருக்கும் காவல்கார அக்கா என்னைப் பார்த்ததும், ‘இன்னாமா, உன் பொண்ணுதான் டூர் போய்க்கீதே, யாரப் பாக்க வந்த?’ என்றாள். துவைத்த துணி வைக்க வேண்டும் என்றேன். ‘ஆறு மணிக்குள்ள ரெண்டு பேரும் வெளிய வந்துடணும், இன்னா?’ என்று உள்ளே விட்டாள். நர்மதா திகைத்துப்போய், ‘ஆன்ட்டி, தெரிஞ்சா பிரச்சனை ஆயிடும்’ என்றாள். ‘ரெண்டு ராத்திரிதானம்மா, யாரு பாக்கப் போறா’ என்று அவள் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தேன். சாயங்காலம் வாசலில் ஆள் மாறுகிற நேரம் பார்த்து நான் மட்டும் நைசாக வெளியே வந்தேன். அத்தை சும்மா இருப்பவரா? விடிந்ததும் வராந்தாவில் நின்று போகிற வருகிற பெண்களிடமெல்லாம் ‘எம்மா, வெந்நி எங்க பிடிக்கணும்?’ என்று கேட்டிருக்கிறார். ஒருத்திக்குப் பேன் கூடப் பார்த்துவிட்டாராம். விடுதிக் காப்பாளர் அம்மா வந்து யார் நீங்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சமும் தயங்காமல், ‘நான் இந்தப் புள்ளைக்கு அத்தை. இது எங்க புள்ள கட்டில்தான், நான் எத்தன நாளு வேணாலும் இருப்பேன்’ என்று சொல்லியிருக்கிறார். இதை ஊரில் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தேன்.

நீ ஏற்காட்டிலிருந்து திரும்பியபோது உன் பெட்டி அலுவலகத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. வெளியாளைத் தங்க வைத்ததற்காக உன் இடம் ரத்து. கட்டிலை வெளியூர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ பெட்டியோடு படியேறி வந்தாய். நான் பயந்து, நீ கத்துவாய் என்று, பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ‘வயசானவுகள எங்க போடச் சொல்லுத?’ ‘சொந்த அத்தைக்கு ஒதவாத கட்டில் எதுக்கு?’ எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நீ பெட்டியைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். ‘ஏம்மா… அங்கயுமா?’ என்று மட்டும் கேட்டாய். அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். நான் வாயாடி, எதற்கும் எதிர்ப்பேச்சு உள்ளவள். அன்றைக்கு உன் பெட்டியைச் செருப்புகளிடமிருந்து எடுத்து உன் தலைமாட்டில் வைத்தேன், அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாமல் நான் போய் அந்தக் காப்பாளர் அம்மாவைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். வாசல் அக்காவுக்கும் என்னால் ஏச்சு விழுந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, ‘என்னை வுடும்மா, நான் வாங்காத திட்டா? உன் பொண்ணு இட்டுனு போன பொட்டிய நெனச்சாதான் பேஜாரா கீது’ என்றாள். அதிலேயே என் வேகம் பாதி குறைந்துவிட்டது. உள்ளே போய், எங்கள் வீட்டில் யார் வந்தாலும் இடம் கொடுப்போம், அது எங்கள் வழக்கம் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கு நாங்க பொதுவா இடம் கொடுக்கிறதில்லைம்மா. வீட்ல என்ன பிரச்சனைன்னு நான் துருவித் துருவிக் கேட்டேன். உங்க பொண்ணு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா சொல்லலை. ராத்திரி லைட் போட்டுப் படிக்கணும் மேடம், அவ்வளவுதான்னா’ என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர், அடுத்த பருவத்துக்கு மறுபடி இடம் தரலாம், ஆனால் இனி வெளியாள் யாரையும் தங்க வைப்பதில்லை என்று பெற்றவர்கள் யாராவது தனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ‘உங்க சொந்தக்காரங்க கேட்டா, இல்லைன்னு சொல்ல உங்களால முடியுமாம்மா?’ என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன்.

யோசித்தேன். மேற்கு மாம்பலத்து அக்கா எங்களுக்குக் கொடுத்தது அவருடைய சொந்த அறை. அவர் அடுப்படியில் முடங்கினார். நான் கொடுத்தது எல்லாம் உன் இடம். நல்ல பேர் மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், ‘அதுக்காக வந்தவனைத் தெருவுல நிறுத்தச் சொல்லுதியா?’ என்று எழுந்து போய்விட்டார். நான் தனியாகவே போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகுதான் உள் அறையில் இருந்த மூட்டைகளைக் கடைக்கு ஏற்றி, கட்டிலுக்கு உன் போர்வையைப் போட்டு, மேசை வாங்கிப் போட்டேன். உன்னை விடுதிக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் இதெல்லாம் என்று நீ நினைத்தாய், உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இல்லை பாப்பா. நீ போ. படி. ஆராய்ச்சிக்குச் சேர்ந்து அந்தப் புதுக் கட்டடத்தில் தனி அறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள், திமிர் ஏறினால் ஏறட்டும். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கூட இருக்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் உன் அலமாரியைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் படுக்காதே. உன் இடத்தை நீயே மனசார ஒருத்திக்குக் கொடுத்தால் அது உன் குணம். உன்னைக் கேட்காமல் அடுத்தவர் எடுத்துக் கொடுத்தால், அது நானாகவே இருந்தாலும், முடியாது என்று சொல். எனக்கு இந்த வயதில்தான் அந்த வார்த்தை வருகிறது, உனக்கு முன்னாலேயே வரட்டும்.

வந்ததா என்று கேட்பாய். இன்று காலையில் நீ அறைச் சாவி வாங்கக் கிளம்பிப் போன பிறகு கோமதி அத்தை போன் செய்தார். ‘ஏளா, எம்மவ செல்விக்குத் தரமணியில வேல கெடைச்சிருக்கு. பாப்பாதான் ஹாஸ்டலுக்குப் போறால்லா, அவ எடம் சும்மாத்தான கெடக்கும்? இவ அங்கன இருந்துக்கிடட்டும்’ என்றார். செல்வியை எனக்குப் பிடிக்கும், தங்கமான பெண். இருந்தாலும், ‘மதினி, செல்விக்கு நல்ல ஹாஸ்டலா நானே பாத்துச் சேத்து விடுதேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து சாப்பிடட்டும். அது பாப்பா ரூம். வீட்டுல எடம் இல்ல’ என்றேன். அத்தை, ‘அந்த அளவுக்கு ஆயிட்டியளா? எந்தம்பிகிட்ட குடு’ என்றார். அப்பாவிடம் போனை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அக்கா சொல்வதை அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அந்தக் குரல் எனக்கே கேட்டது, யார் வளர்த்தது, யார் தூக்கிச் சுமந்தது என்றெல்லாம். கடைசியில் அப்பா, ‘அவ சொன்னதுதாங்க்கா’ என்றார். அவ்வளவுதான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு இட்லி சாப்பிடாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார். அத்தை இனி நம்மோடு பேசுவாரோ என்னவோ. செல்வி கல்யாணத்துக்கு நமக்குப் பாக்கு வைத்து அழைப்பாரோ என்னவோ. எனக்கு வருத்தம்தான். நாள் முழுக்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்பா வருகிற சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன். விடுமுறைக்கு வந்தால் வா. தேர்வு இருக்கிறது, தோழிகளோடு எங்கேயோ போகிறேன் என்றால் வராதே. காரணம் சொல்ல வேண்டாம். நீ வராத நாளிலும் உன் கட்டில் சும்மாவேதான் கிடக்கும். ஹாலில் எத்தனை பேர் படுத்திருந்தாலும் சரி.

அம்மா